பார்வைப் பறவை

தமிழில் ‘பார்வை’ என்றொரு சொல் உண்டு. கண்ணால் காண்பதை மட்டுமே அது குறிக்கும் என்று இன்றைய பிள்ளைகள் எண்ணுகின்றனர். அச்சொல்லுக்குப் பழம்பொருள் வேறொன்றும் உளது. ஒரு மானையோ பறவையையோ பிடித்துப் பழக்கி, அதனைக் காட்டி, அதன் இனத்தாரை வலைக்குள் வரவழைப்பது வேட்டுவர் வழக்கம். அவ்வாறு காட்டப்படும் உயிருக்கும் ‘பார்வை’ என்றே பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவர் குடியிருப்பின் முற்றத்தில் விளாமரத்தடியில் கட்டுண்டு நிற்பது இத்தகைய பார்வை மான்தான்.

அரபு மொழியிலும் இதற்கொரு சொல் உண்டு: ‘மில்வாஹ்’. ‘லாஹ’ என்றால் தோன்றியது, கண்ணுக்குத் தென்பட்டது என்பது பொருள். அந்த வேரிலிருந்து பிறந்ததே மில்வாஹ். ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள் இந்த ஒரு பொருளுக்குக் கண்ணின் வழியாகவே பெயர் சூட்டியிருப்பதைக் கண்டு நான் வியந்தது மத்ரஸாவில் ஓதிய காலத்தில். அதற்கு முன்பே, பன்னிரண்டு வயதில், பார்வைப் பறவை வைக்கும் தொழிலை என் கையால் செய்து பழகியிருந்தேன். அதைச் சொல்லவே இதனை எழுதத் தொடங்கினேன்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆறுகளை நம்பிய சீமை அன்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் இதன் உயிர். மேட்டுக் கண்மாய் நிறைந்தால் அதன் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு வரும். அது நிறைந்து அதற்கும் கீழுள்ளதற்குப் போகும். இப்படிச் சங்கிலிபோல் நீர் இறங்கிக் கடலை நோக்கிச் செல்லும். அறந்தாங்கிக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊர்க் கண்மாய் இச்சங்கிலியில் ஒரு கண்ணி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து நீர் விரிந்தால் வடக்கேயிருந்து பறவைகள் வரத் தொடங்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, கிளுவை என்று எத்தனையோ. நீலச்சிறகியும் ஊசிவாலும் இமயத்துக்கும் அப்பால், சைபீரியா முதலான குளிர் நாடுகளிலிருந்து வருவன. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் ‘சிறகி’ என்றே பெயர். ‘சிறகி இறங்கிடுச்சு’ என்று ஊரில் யாராவது சொன்னால் என் மாமுவுக்கு அன்றிரவு உறக்கம் வராது.

மாமு என் அம்மாவின் மூத்த சகோதரர். மலேயாவில் நெடுங்காலம் கடை வைத்திருந்து திரும்பியவர். அவரிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதற்கு லைசென்சும் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வாத்து போன்ற சிறு வேட்டைக்குத் தனியே அனுமதிச் சீட்டு வாங்கும் முறை அக்காலத்தில் இருந்தது. அச்சீட்டை மாமு வைத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் கூறுவது 1983-ஆம் ஆண்டின் கார்த்திகை மாதத்தை.

மாமுவின் பார்வைப் பறவைகள் உயிருள்ளவை அல்ல. முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கைகளே அவற்றின் உடல். கல்யாண முருங்கை மரம் பஞ்சு போல் இலேசானது. அதில் தலையும் கழுத்தும் செதுக்கிப் பொருத்துவார். தேன்மெழுகால் துளைகளை அடைத்து, விளக்குக் கரியும் காவிமண்ணும் குழைத்துப் பூசுவார். வாங்கிவந்த வண்ணச் சாயத்தை நான் பூச முயன்றபோது தடுத்துவிட்டார். சாயம் வெயிலில் பளபளக்கும். மேலிருந்து வரும் பறவைக்கு அந்த மினுக்கம் ஒன்றே போதும், திரும்பிப் போய்விடும். ஒவ்வொரு குடுக்கைக்கும் கற்றாழை நாரில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு சிறு கல். மொத்தம் பதினான்கு.

முதல் நாள் அவற்றை நீரில் இடும் வேலையை என்னிடம் விட்டார். நான் முழங்காலளவு நீரில் இறங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முழ இடைவெளி விட்டு, ஏழேழாக இரண்டு வரிசை அமைத்தேன். என் கண்ணுக்கு மிக அழகாக இருந்தது. கிழக்கு வெளுக்கையில் ஒரு கூட்டம் வந்தது; தலைக்கு மேலே ஒரே ஒரு வட்டம் அடித்தது; தெற்கே பறந்து மறைந்தது. மாமு துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்னடா, ஸஃப்பு கட்டி நிறுத்தி வச்சிருக்கே! சிறகி என்ன ஜமாஅத்துத் தொழவா வருது?”

அன்று அவர் சொல்லித் தந்ததை இன்றும் என்னால் ஒப்பிக்க இயலும். நான் பிற்காலத்தில் ஓதிய ‘நஹ்வு’ இலக்கண விதிகளைவிட அவை மனத்தில் ஆழமாகப் பதிந்துள்ளன. வாத்தினம் எப்போதும் காற்றை எதிர்த்தே நீரில் இறங்கும். காற்று முகத்தில் மோதினால்தான் அதற்கு வேகம் அடங்கும். கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். ஆகவே சிறகிகள் தென்மேற்கிலிருந்து வந்து, வடகிழக்கு நோக்கி இறங்கும். வேட்டைக்காரன் வாடை தன் முதுகில் படுமாறு கண்மாயின் வடகோடியில், கரையோரக் கருவேல மரங்களுக்கிடையே பதுங்க வேண்டும். எழும் ஞாயிறும் ஏறக்குறைய அவன் முதுகுப்புறமாகவே இருக்கும். பறவையின் கண் கூசும், அவன் கண் கூசாது. குடுக்கைகள் அவனுக்கு முன்னே நீரில் மிதக்க வேண்டும். மிகத் தொலைவிலுள்ள குடுக்கை முப்பது கஜத்துக்கு மேல் போகக்கூடாது. ரவை பாயும் எல்லைக்கு அதுவே அடையாளம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நடுவிலுள்ள வெற்றிடம். குடுக்கைகளை இரு கூட்டமாகப் பிரித்து இடையில் முற்றம் போலத் திறந்த நீரை விட வேண்டும். வருகிற பறவை மற்றவற்றின் தலைமேல் இறங்காது. விருந்தாளியைப் போலக் காலியான இடத்தைத் தேடும். அந்த முற்றமே சுடும் இடம். கூட்டத்திலும் ஒழுங்கு கூடாது. இரண்டு நெருங்கி இருக்கலாம், ஒன்று விலகி நிற்கலாம், மூன்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். நீரில் ஓய்வாக இருக்கும் பறவைகள் அளவெடுத்து அமர்வதில்லை. அதுபோலவே எல்லாக் குடுக்கைகளுக்கும் நிமிர்ந்த தலை வைத்தால் கெட்டது காரியம். எல்லாம் தலை நிமிர்ந்திருந்தால் அங்கே ஏதோ அச்சம் என்று பொருள். சிலவற்றின் தலை தோளில் புதைந்திருக்க வேண்டும். சற்று ஒதுக்குப்புறமாகக் கொக்கின் உருவம் ஒன்றையும் மாமு நட்டு வைப்பார். கொக்கு மிகவும் ஐயம் கொண்ட பிராணி. அதுவே அஞ்சாமல் நிற்கும் இடத்தில் தனக்கென்ன அச்சம் என்று சிறகி எண்ணிக்கொள்ளும்.

இவற்றைக் கேட்டபோது எனக்குப் பிடிபட்டது ஒன்று. வேட்டை என்றால் பசிக்கு இரை காட்டி ஏமாற்றுவது என்றுதான் நினைத்திருந்தேன். தூண்டில் அப்படி, எலிப்பொறி அப்படி. பார்வைப் பறவை அப்படியன்று. அது இரை எதுவும் காட்டுவதில்லை. ‘இங்கே உன்னவர்கள் அச்சமின்றி இருக்கிறார்கள்’ என்று மட்டுமே சொல்கிறது.

நம் நாட்டில் பல பகுதிகளில் வழங்கிய பானை முறையும் இதே நுட்பந்தான். வெறும் மண்பானைகளை முதலில் ஏரியில் மிதக்க விட்டுவிடுவார்கள். நாளடைவில் வாத்துகள் அவற்றுக்குப் பழகிவிடும். பின்னர் ஒருவன் கண்துளையிட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு நீரில் மெல்ல நகர்ந்து சென்று, நீருக்கடியிலேயே கையை நீட்டிக் கால்களைப் பற்றி இழுப்பான். பக்கத்திலிருக்கும் வாத்துக்குக்கூடத் தெரியாது.

இக்கலை எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்னுமிடத்துக் குகையில் 1924-இல் கோரையால் பின்னிய வாத்து உருவங்கள் பதினொன்று கிடைத்தன. அவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஹாலந்து நாட்டாரோ குளத்தின் ஓரங்களில் வளைந்து செல்லும் வாய்க்கால்களை வெட்டி, அவற்றின்மேல் வலை மூடி, நாணல் தட்டிகளின் இடையே ஒரு சிறு நாயை ஓடவிட்டு வாத்துகளைப் பிடித்தனர். தோன்றித் தோன்றி மறையும் நாயை என்னவென்று பார்க்கும் ஆவலில் வாத்துகள் பின்தொடர்ந்து உள்ளே போய்விடும். ஆங்கிலத்தில் பார்வைப் பறவையைக் குறிக்கும் ‘டிகாய்’ என்ற சொல், கூண்டு எனப் பொருள்படும் ‘கோய்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

நிற்க. மாமுவின் சொற்படி அடுத்த நாள் அமைத்தபோது சிறகிகள் இறங்கின. வெடி முழங்கியதும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியது என் கடமை. துப்பாக்கி ரவை அடித்துக் கொல்வதேயன்றி அறுப்பது ஆகாது என்பது நம் பக்கத்து ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. எனவே உயிர் இருக்கும்போதே பிடித்து ‘பிஸ்மில்லாஹ்’ கூறி அறுத்தாக வேண்டும். அத்துடன், வேட்டைப் பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால் அதனை உண்ணலாகாது, கொன்றது அம்பா நீரா என்று அறிய இயலாது என்பது அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸின் கருத்து. பிற்காலத்தில் ‘ஹிதாயா’ ஓதியபோது, நீர்வாழ் பறவைக்குக் காயம்பட்ட இடம் நீரில் மூழ்கியதா இல்லையா என்றெல்லாம் சட்ட வல்லுநர்கள் பிரித்துப் பார்த்திருப்பதைக் கண்டேன். பன்னிரண்டு வயதில் அதெல்லாம் தெரியாது. ஓடினேன், முந்திச் சென்றதை அறுத்தேன், பிந்தியதைக் கரையில் விட்டுவிட்டோம். அம்மா ஆணம் ஆக்கித் தந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரு கவளமும் எடுக்கவில்லை. ‘எனக்கு வாத்துக் கறி ஒத்துக்கொள்ளாது’ என்று கூறிவிட்டார்கள். அது மெய்யன்று என்பது எனக்கு அப்போதே தெரியும்.

காற்று ஓய்ந்த நாட்களில் குடுக்கைகள் பிணம்போல் கிடக்கும்; பறவை உடனே கண்டுகொள்ளும். அதற்கு மாற்றாக மாமு உயிருள்ள பார்வை ஒன்று வேண்டும் என்றார். அறுவடை வயல்களில் வாத்து மேய்ப்போரிடமிருந்து பழுப்பு நிறப் பெட்டை வாத்து ஒன்றை வாங்கிவந்தார். பெட்டைக்குத்தான் குரல் உரம். மேலே கூட்டம் பறந்தால் இது கத்தும், சிறகடிக்கும், நீரில் அலை எழும். அலையில் குடுக்கைகளும் அசையும். ஒன்றுக்கு உயிர் வந்ததும் பதினான்குக்கும் உயிர் வந்துவிட்டது. நீரடிச் சேற்றில் ஒரு முளைக்குச்சி அறைந்து அதில் வாத்தின் காலைக் கயிற்றால் கட்டுவோம். பகலில் அதனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மாமுவின் கட்டளை. வீட்டில் அம்மா அதற்கு நொய்யும் தவிடும் பிசைந்து வைப்பார்கள். கிணற்றடியில் அவர்கள் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அது பின்னாலேயே நடக்கும்.

கயிறு நீரின் ஆழத்தைப்போல் இருமடங்காவது இருக்க வேண்டும் என்று மாமு சொல்லியிருந்தார். அவ்வளவு நீளமிருந்தால் வாத்து சுற்றிச் சுற்றி வந்து குடுக்கைகளின் கயிறுகளில் சிக்கிக்கொள்ளும். நடுமுற்றத்தில் வந்து மிதக்கும். என் அமைப்பு முழுவதும் குலையும். எனக்கு அதில் சினம். ஆகவே ஒருநாள் கயிற்றை ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலாக நறுக்கிவிட்டேன். முழங்காலளவு நீரில் அதற்கு அது போதும். இப்போது வாத்து தன் இடத்தைவிட்டு நகரவில்லை. முற்றம் தெளிவாக இருந்தது. கரையில் நின்று பார்த்து மிகவும் மகிழ்ந்தேன்.

அன்று மாலை வாத்தை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. விடிவதற்கு முன் வந்து மீண்டும் கட்டும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். வீட்டில் கேட்டபோது மாமு வீட்டில் இருப்பதாகச் சொன்னேன்.

அன்றிரவு எங்கள் ஊரில் பெரிய மழை இல்லை. மேற்கே பெய்திருக்கிறது. மேட்டுக் கண்மாய் நிறைந்து நள்ளிரவுக்குமேல் மறுகால் பாய்ந்துவிட்டது. ஸுப்ஹு தொழுதுவிட்டு நானும் மாமுவும் கரையேறியபோது நீர் என் மார்பளவுக்கு வந்திருந்தது. வடகோடியில் ஒன்றுமே இல்லை. குடுக்கைகள் தம் கற்களைத் தூக்கிக்கொண்டு, வாடை தள்ளிய பக்கமாகத் தென்மேற்கு ஓரத்தில் போய்க் கோணல்மாணலாக ஒதுங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே பத்துப் பதினைந்து நீலச்சிறகிகள் அமைதியாக மிதந்துகொண்டிருந்தன. நான் அத்தனை நாள் பாடுபட்டும் அவ்வளவு இயல்பாக ஒருநாளும் அமைத்ததில்லை.

மாமு துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. “வாத்து எங்கே?” என்று கேட்டார். நான் பதில் கூறாமல் நீரில் இறங்கினேன். முளைக்குச்சி இருந்த இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்தேன். கயிறு அறவில்லை. நல்ல முடிச்சு, நான் போட்டது.

கரைக்குக் கொண்டுவந்து வைத்ததும் மாமு கயிற்றை எடுத்துத் தம் முழங்கையில் வைத்து அளந்தார். “ஒரு முழம் கூட விட்டிருக்கலாம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஓர் அடியாவது அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மா சினந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் திண்ணையில் அமர்ந்து வெகுநேரம் அதன் சிறகை ஒழுங்குபடுத்தினார்கள். எங்கள் வீட்டில் மழைக்கால இரவுகளில் சீறாப்புராணம் படிக்கும் வழக்கம் உண்டு. வேடனின் வலையில் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நின்ற படலம் அம்மாவுக்கு மனப்பாடம். “அந்த மானுக்குப் பிணை நிக்க நாயகம் இருந்தாங்க, அத்தா. இதுக்கு யாரு இருந்தா?” என்று மட்டும் கேட்டார்கள். என்னைக் குற்றஞ்சாட்டும் குரலாக அது இல்லை. உண்மையாகவே அறிய விரும்பியவர்கள் போலக் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு நான் மத்ரஸாவில் சேர்ந்தேன். பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் ஓதப்பட்ட நாளில், என் முறை வந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை. ஹஜ்ரத் அவர்கள் தொண்டை கட்டியிருப்பதாக நினைத்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். இன்று நானே ஆசிரியன். அந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளாக நடத்துகிறேன். ‘கட்டிவைத்தாள்’ என்னும் வினைச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லி விரைவாகக் கடந்துவிடுகிறேன்.

பின்னர் நூல்களில் தேடினேன். ஹன்பலி மத்ஹபின் சட்ட நூல்களில் ‘ஷபாஷ்’ என்றொரு சொல் வருகிறது. ஆந்தை போன்ற பறவை ஒன்றின் கண்களைத் தைத்துக் கட்டிவைத்து, அதனைக்கொண்டு வேட்டையாடுவது அது. பிராணியை வதைப்பதாக இருத்தலால் அது மக்ரூஹ் என்று எழுதியிருக்கின்றனர். ஹிஜ்ரி 711-இல் மறைந்த இப்னு மன்ழூர் தம் ‘லிஸானுல் அரப்’ அகராதியில் மில்வாஹ் என்னும் சொல்லை விளக்கும்போதும் இதையே கூறுகிறார்: ஆந்தையின் கண்ணைத் தைத்து, காலில் கரிய கம்பளி இழை கட்டி, வேடன் மறைவிடத்தில் இருந்துகொண்டு அவ்வப்போது அதனைப் பறக்கச் செய்வான், அதன்மேல் பாயவரும் பருந்தினம் பிடிபடும். தோன்றுவது, தென்படுவது என்னும் வேரிலிருந்து பெயர் பெற்ற அந்தப் பறவைக்குத்தான் கண்ணைத் தைத்துவிட்டார்கள். நான் அகராதியை மூடிவைத்துவிட்டேன்.

புறநானூற்றின் 320-ஆம் பாட்டை எடுத்துப் பார்க்குமாறு தமிழறிந்த அன்பர்களை வேண்டுகிறேன். வேட்டுவன் ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் கொடிகள் பந்தலிட்ட நிழலில் உறங்குகிறான். அவன் கட்டிவைத்த பார்வைப் பிணைமானிடம் காட்டுக்கலை ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. வேட்டைக்கு இதைவிட நல்ல தருணம் ஏது? ஆயினும் அவன் மனைவி அவனை எழுப்பவில்லை. கணவன் விழித்துவிடுவானோ என்றும் அஞ்சுகிறாள். கலைமான் பிணையைப் பிரிந்து போய்விடுமோ என்றும் அஞ்சுகிறாள். ஓசையின்றி ஒடுங்கி இருக்கிறாள். வகுப்பில் இப்பாட்டைப் படித்துக்காட்டும்போது அந்தப் பெண்ணுக்கு என் அம்மாவின் முகந்தான் எனக்குத் தோன்றும். ‘வாத்துக் கறி ஒத்துக்கொள்ளாது’ என்று சொன்னவர்கள் அவர்கள்.

உயிருள்ள பறவையைப் பார்வையாகக் கட்டுவதை அமெரிக்க நாடு 1935-இலேயே தடைசெய்துவிட்டது. நம் நாட்டில் 1991-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டபோது வாத்து வேட்டை முழுவதும் நின்றது. மாமு துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவித்த செய்தி அவருக்குப் பெரும் வியப்பாக இருந்தது. அப்பணிக்குக் கைகொடுத்தவர்களில் பீகாரைச் சேர்ந்த அலி ஹுசைன் புகழ்பெற்றவர்; பரம்பரையாகப் பறவை பிடித்துவந்த மீர்ஷிகார் என்னும் முஸ்லிம் சமூகத்தார். பிடிப்பது அதே கை. பிடித்தபின் திறந்துவிடும், அவ்வளவுதான். “அப்படியும் செய்யலாமா!” என்று மாமு இருமுறை கேட்டார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவரை மன்னிப்பானாக.

சென்ற தை மாதம் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள கவிநாடு கண்மாய்க்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். விடியற்காலை, வாடை இலேசாக வீசிற்று. நீரில் நாமக்கோழிகள் இரு கூட்டமாக மிதந்தன. தென்மேற்கே வானில் சிறகிகள் தென்பட்டன. ‘அதோ, அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இறங்கும், பாருங்கள்’ என்றேன். வட்டமடித்து, காற்றுக்கு முகங்கொடுத்து, கால்களை முன்னே நீட்டி, சொன்ன இடத்திலேயே இறங்கின. பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். “எப்படி ஹஜ்ரத் தெரிஞ்சுது?” என்று ஒருவன் கேட்டான். காற்றின் திசையைச் சொன்னேன், முற்றத்தைச் சொன்னேன், தலை தாழ்ந்திருப்பதன் பொருளைச் சொன்னேன். சுரைக்குடுக்கைகளைப் பற்றியும் சொன்னேன். கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை.